ஒரு நாள் விட்டா என்ன ஆகும்ங்கறதை விடுங்க, மறுபடி எப்படி உக்கார்றதுன்னு சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல கதை எழுத ஆசைப்படறவங்களுக்காக வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்ல எண்ணத்தோட எழுதினதுதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா "தினமும் 1000 சொல், ஒரு நாள்கூட விடாதீங்க, விட்டா எல்லாம் போச்சு"ன்னு அதுல ஒரு இடம் வருது பாருங்க, அதைப் படிச்சுட்டு எத்தனை பேரு அன்னிக்கே லேப்டாப்பை மூடி வெச்சிருப்பாங்களோன்னுதான் எனக்குத் தோணுச்சு. ஏன்னா அந்த மாதிரி கட்டுரையைத் தேடிப்பிடிச்சுப் படிக்கற ஆளு ஏற்கெனவே விட்டுட்டு நிக்கற ஆளுதான். ஒழுங்கா தினமும் எழுதறவங்களுக்கு ஊக்கம் பத்தி கட்டுரை படிக்க எங்க நேரம், அவங்க எழுதிக்கிட்டு இருப்பாங்க.

நானும் பகல்ல ஒரு வேலை, மிச்சம் மீதி நேரத்துல கதைன்னு ஓட்டறவதான். எங்களை மாதிரி நாலஞ்சு பேரு சேந்து ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்கறது வழக்கம். அதுல பாத்த வரைக்கும் தொடங்க முடியாம யாருமே கஷ்டப்படல. முதல் அத்தியாயம் எல்லார்கிட்டயும் இருக்கு, சில பேர்கிட்ட நாலு நாவலுக்கு முதல் அத்தியாயம் இருக்கு! மாட்டிக்கறது எங்கன்னா நடுவுல ஒரு காய்ச்சல் வரும், இல்ல ஆபீஸ்ல கணக்கு முடிக்கற வாரம் வரும், வீட்ல யாருக்காவது ஒண்ணு ஆகும், அதுல பத்து நாள் போயிடும், அதுக்கப்புறம் அந்த ஃபைலைத் திறக்கவே கை வராது. எழுதாத நாளைவிட எழுதாததை நெனச்சு வெக்கப்படற நாள்தான் ஜாஸ்தி. அந்த வெக்கத்தை எப்படித் தாண்டறதுன்னு யாரும் எழுத மாட்டேங்கறாங்க, எல்லாரும் விடாதே விடாதேன்னே சொல்லிக்கிட்டு இருக்காங்க.

விடாதேங்கறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டா உடனே "21 நாள் பண்ணா பழக்கமாயிடும்"னு ஆரம்பிப்பாங்க. அந்த 21 எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா, 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதின சுயமுன்னேற்றப் புத்தகத்துலேர்ந்து. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கண்ணாடியில தெரியற புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு அவர் கவனிச்சதை எழுதினாரு, அதுல "குறைஞ்சது"ங்கறது வழியிலயே உதிர்ந்துபோய் 21 மட்டும் ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கு. நிஜமாவே உக்காந்து அளந்து பாத்தது லண்டன்ல ஃபிலிப்பா லாலிங்கற ஆய்வாளரும் அவங்க குழுவும். 96 பேரு, 12 வாரம், ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம். 2009ல வெளியான அந்த ஆய்வுல பழக்கம் தானா வர்ற அளவுக்கு ஆக சராசரியா 66 நாள்னு வந்துச்சு, அதுவும் ஆளுக்கு ஆள் 18லேர்ந்து 254 நாள் வரைக்கும் போற கணக்கு. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க, நடுவுல ஒரு நாள் தவறினதால பழக்கம் உருவாகறதுல சொல்லிக்கற மாதிரி எந்த பாதிப்பும் வரலன்னு. அவங்க சோதிச்சது சாப்பாட்டோட ஒரு டம்ளர் தண்ணி குடிக்கற மாதிரி விஷயங்க, நாவல் எழுதறதை இல்ல, அதனால 66ஐயும் சுவத்துல எழுதி ஒட்ட வேண்டாம். ஆனா ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சுங்கற பயத்துக்கு அதுல இடமே இல்லங்கறது போதும் எனக்கு.

கட்டுரையில அந்தக் கால இங்கிலாந்து நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலோப்பை உதாரணம் காட்டியிருந்தாங்க. தபால் துறையில வேலை பாத்துக்கிட்டே 47 நாவல் எழுதின மனுஷன், காலைல 5.30க்கு மேஜைக்கு வந்துடுவாரு, கடிகாரத்தை எதிர்ல வெச்சுக்கிட்டு கால் மணிக்கு 250 சொல்னு எழுதுவாரு, எல்லாம் சரி. அவர் இறந்த பிறகு 1883ல வந்த அவரோட சுயசரிதையில அவரே சொன்னதுதான். ஆனா அதே புத்தகத்துல அவரே சொன்ன இன்னொரு விஷயம் கட்டுரையில இல்ல. அவரை அந்நேரத்துக்கு எழுப்பி காபி கொண்டாந்து குடுக்க வயசான வேலைக்காரர் ஒருத்தர் இருந்தாரு, அந்த ஒரு வேலைக்காகவே வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலா குடுத்தாரு, தன் வெற்றிக்கு மத்த யாரையும் விட அந்த ஆளுக்குத்தான் ஜாஸ்தி கடன்பட்டிருக்கேனோன்னு வேற எழுதியிருக்காரு. எழுப்பி விட ஆளும் இல்லாம, எழுந்ததும் மத்த எல்லாரையும் எழுப்பற வேலையும் தன் தலையில இருக்கறவங்ககிட்ட ட்ரோலோப்பைப் பாருன்னா எப்படிங்க?

சரி, அவர்கிட்ட எடுத்துக்க ஒண்ணுமே இல்லையான்னா இருக்கு, ஆனா அது அந்த 250 இல்ல. தினமும் முதல் அரை மணி நேரம் அவர் முந்தின நாள் எழுதினதைப் படிப்பாரு. முந்தின நாள் எழுதினதை மட்டும். ஆரம்பத்துலேர்ந்து இல்ல. இது பாக்க சாதாரணமா இருக்கு, ஆனா பத்து நாள் கழிச்சுத் திரும்பி வர்றவங்க எல்லாரும் கவுந்து விழற எடமே இதுதான்.

எப்படின்னு சொல்றேன். ராத்திரி ஒரு வழியா மனசைத் தேத்திக்கிட்டு ஃபைலைத் திறக்கறோம். விட்ட இடம் ஞாபகம் இல்ல, அதனால "ஒரு தடவை முதல்லேர்ந்து படிச்சுட்டு வந்துடுவோம், ஃப்ளோ கிடைக்கும்"னு மேல போறோம். முதல் பாரா கண்ணை உறுத்துது. "அவள் கதவைத் தட்டினாள்"ங்கறதை "கதவைத் தட்டினாள் அவள்"னு மாத்தறோம், அப்புறம் அந்த "அவள்" எதுக்குன்னு எடுக்கறோம், அப்புறம் தட்டறது பழசா இருக்கு, காலிங் பெல்லா இருக்கட்டும்னு மாத்தறோம், பெல்னா கரண்ட் இருக்கணுமே, ரெண்டாவது பாராவுல கரண்ட் போயிடுச்சுன்னு எழுதியிருக்கோமேன்னு மறுபடி தட்டவே விடறோம். மணி பதினொன்னு. கதை ஒரு அடி நகரல, ஆனா வேலை பாத்த களைப்பு மட்டும் முழுசா இருக்கு. ரெண்டாவது நாள் ராத்திரியும் இதே, மூணாவது நாள் திறக்கறதே இல்ல. முதல் அத்தியாயம் மட்டும் பளபளன்னு இருக்கற நாவல்களைப் பாருங்க, பாதிக்கு மேல இந்தக் கதைதான். சோம்பேறித்தனம்னு இதுக்குப் பேரு வெக்கறது அநியாயம், உழைப்பு இருக்கு, போற இடம்தான் தப்பு.

அதனால திரும்பி வர்ற அன்னிக்கு மேல போகவே கூடாதுங்கறது என் கட்சி. நேரா கடைசிப் பக்கம். கடைசி ஒரு பக்கத்தைப் படிச்சும் புரியலன்னா, ஒரு தனிக் காகிதத்துல இதுவரைக்கும் கதைல என்ன நடந்துச்சுன்னு ஞாபகத்துலேர்ந்து, யாரோ ஃப்ரெண்டுகிட்ட சொல்ற மாதிரி கொச்சையா ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. ஞாபகம் வர்றது கதைக்கு வேணுங்கற விஷயம், மறந்துபோனதுல பாதி கதைக்கும் வேண்டாத விஷயமா இருக்கும். இது நான் கண்டுபிடிச்ச வித்தை ஒண்ணும் இல்ல, தொடர்கதை எழுதறவங்க "முன்கதைச் சுருக்கம்" போடறாங்களே அதேதான், இங்க படிக்கறவங்களுக்குப் பதிலா நமக்கு நாமே போட்டுக்கறோம்.

இதைவிட நல்லது என்னன்னா விடும்போதே திரும்பி வர வழி வெச்சுட்டு விடறது. அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சிருக்கும்போதே நிறுத்திடணும்னு அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958ல வந்த ஒரு பேட்டியில சொல்லியிருக்காரு. நம்ம ஆளுங்க நேர் எதிரா பண்ணுவாங்க, ஓட்டம் இருக்கற வரைக்கும் எழுதித் தள்ளிட்டு, ஒண்ணுமே தோணாத இடத்துக்கு வந்ததும்தான் எழுந்திருப்பாங்க, அப்புறம் மறுநாள் அதே முட்டுச்சந்துலதானே வந்து நிக்கணும்? எழுந்திருக்கறதுக்கு முன்னால ரெண்டு நிமிஷம் ஒதுக்கி அடுத்த காட்சிக்கு ஒரு குறிப்பு போட்டா போதும். "அடுத்து: மோதல் காட்சி"ன்னு போட்டா பிரயோஜனம் இல்ல, ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா யாருக்கு யாரோட மோதல்னே தெரியாது. "அடுத்து: அக்கா உள்ள வர்றா. தம்பி லெட்டரை தலகாணிக்கு அடியில தள்ளறான். அவ பாத்துட்டா, ஆனா கேக்கல, ஜன்னலைச் சாத்தறா. அவ ஏன் கேக்கலங்கறது அவனுக்கு பயமா இருக்கு." இப்படி எழுதி வெச்சீங்கன்னா நடுவுல ஒரு காய்ச்சல் என்ன, ரெண்டு மாசமே போகட்டும், படிச்ச உடனே அந்த ரூமுக்குள்ள நின்னுடலாம். அந்தக் குறிப்பு ஃபைலோட கடைசியில இருக்கணும், வேற நோட்டுல எழுதினா அந்த நோட்டைத் தேடறதுல ஒரு சாயங்காலம் போயிடும்.

அடுத்தது பாக்கிக் கணக்கு. தினமும் இத்தனை சொல்னு முடிவு பண்ணினவங்க அஞ்சு நாள் விட்டா, ஆறாவது நாள் அவங்க தலையில ஆறு நாள் சொல்லு வந்து உக்காந்துடும். 1000ன்னு வெச்சா 6000. அதை ஒரே நாள்ல எழுதறது நடக்கற காரியமா? நடக்காது, அதனால அன்னிக்கும் எழுத மாட்டோம், மறுநாள் 7000. விட்ட நாள் விட்டதுதான், இன்னிக்குக் கணக்கு இன்னிக்கு மட்டும். நவம்பர் மாசத்துல 50,000 சொல் எழுதற அந்த நானோரைமோ சவால் இருந்துச்சே, 1999ல 21 பேரோட தொடங்கி உலகம் பூரா போச்சு, நடத்தின அமைப்பு 2025ல மூடறதா அறிவிச்சிடுச்சு, அதுல ஒரு நாளைக்கு 1,667 சொல்லு வரும். சில பேருக்கு அது நல்லாவே ஒத்துவந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு வாரம் படுத்துட்டா பாக்கி பதினோராயிரத்தைத் தாண்டிடும், மாசத்துக்கு மிச்சம் இருக்கறது கொஞ்ச நாள். அதுவும் இங்கிலீஷ்காரங்க மூணு நாலு சொல்லுல சொல்றதை நாம ஒட்டி ஒரே சொல்லா எழுதிடறோம், அவங்க இலக்கை அப்படியே எடுத்துக்கிட்டா நமக்கு வேலை கூடத்தான் ஆகும்.

நான் போடற கணக்கு வேற மாதிரி. ஒரு தடவைக்கு 200 சொல்லு, வாரத்துக்கு நாலு தடவை, அப்ப வாரம் 800. வருஷத்துல 12 வாரம் காய்ச்சல் தலைவலி விருந்தாளின்னு மொத்தமா தூக்கிப் போட்டுடுங்க, 40 வாரம்தான் எழுதினீங்கன்னு வெச்சுக்கிட்டாலும் 32,000 சொல்லு. தமிழ்ல அது தாராளமா ஒரு குறுநாவல். மூணு மாசம் எழுதாமலே இருந்தும் ஒரு குறுநாவல் வருதுன்னா விட்ட நாளுக்கு எதுக்கு இவ்வளவு ஒப்பாரி.

உத்வேகம் பத்தி ரெண்டு வார்த்தை. ஜெர்மன் மொழியில எழுதின காஃப்கா 1912 செப்டம்பர் 22 ராத்திரி உக்காந்து மறுநாள் விடியக்காலைக்குள்ள ஒரு சிறுகதையை ஒரே மூச்சுல முடிச்சாருங்கறதை எல்லாரும் சொல்லுவாங்க, நெஜம்தான், இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்கு நடுவுலதான் அதையும் எழுதினாரு. ஆனா அதே ஆளு கையில எடுத்த மூணு நாவலும் முடியாமலே நின்னுபோச்சு. அந்த மாதிரி ராத்திரி வந்தா கும்பிட்டு வாங்கிக்கணும், அதை நம்பி நாவலைத் தொடங்கக் கூடாது. அவரோட முடியாத நாவலை உலகமே படிக்குது, நம்மோட முடியாத நாவலை நம்ம வீட்லகூட யாரும் படிக்க மாட்டாங்க, அதனால நாம முடிச்சே ஆகணும், அசிங்கமா இருந்தாலும். முதல் தடவை எழுதற பிரதி மோசமாத்தான் இருக்கும், அதைத் திருத்தறது அப்புறம் இருக்கற வேலை, இல்லாத கதையை எந்தக் கொம்பனாலயும் திருத்த முடியாது. நடுவுல திடீர்னு ஒரு புது ஐடியா வந்து கண்ணடிக்கும், பழசைவிட பத்து மடங்கு அழகா தெரியும், ஏன்னா அதை இன்னும் எழுதல. ரெண்டு வரி குறிச்சு வெச்சுட்டு பழசுக்கே வந்துடுங்க. போன், ரீல்ஸ், எந்த ஆப்ல எழுதறதுங்கற பஞ்சாயத்து இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்கு என் உபதேசம் வேற வேண்டாம்.

பெண்களுக்கு இந்தக் கஷ்டம் இன்னும் ஒரு படி மேல. "தினமும் ஒரே நேரம், ஒரே இடம், கதவைச் சாத்திக்கோங்க"ன்னு கட்டுரையில இருந்துச்சு. சாத்தற கதவு எத்தனை பேருக்கு இருக்குங்கறதை விடுங்க, சாத்தினா தட்ட மாட்டாங்களா? அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் ரெண்டு பசங்களைத் தனியா வளத்துக்கிட்டு, பதிப்பகத்துல எடிட்டர் வேலையும் பாத்துக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடி எழுந்து எழுதினாங்க, முதல் நாவல் 1970ல வரும்போது அவங்களுக்கு 39 வயசு. நான் அவங்களைப் பாத்து நீங்களும் நாலு மணிக்கு எழுந்திரிங்கன்னு சொல்ல வரல, தூக்கம் இல்லாம எழுதினா அடுத்த வாரம் படுக்கைதான். 39ங்கறதைத்தான் சொல்றேன். இருபத்தஞ்சு வயசுக்குள்ள முதல் புத்தகம் வரலன்னா அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டு எத்தனை பேரு சோந்துபோறாங்க, நம்ம கி.ராவே (கி. ராஜநாராயணன்) எழுத வந்தது முப்பது தாண்டித்தானே.

இன்னொரு விஷயம் கேளுங்க. கல்கி "பொன்னியின் செல்வன்" எழுதினது 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம். அவருக்கு இருந்த திறமை வேற, அது நமக்கு வராது, ஆனா அவருக்கு இருந்த இன்னொண்ணு நமக்கும் வரலாம், அடுத்தது என்னன்னு கேக்கற ஆளு. அவருக்கு ஊரே கேட்டுச்சு, நமக்கு ஒருத்தர் போதும். "எங்க, அந்த அக்கா லெட்டரைப் படிச்சாளா இல்லையா?"ன்னு ஒருத்தர் கேட்டா அன்னிக்கு ராத்திரி ஃபைலு தானா திறக்கும். அந்த ஆளு விமர்சகரா இருக்க வேண்டாம், இருந்தா ஆபத்து, நடுவுலயே நடை சரியில்லன்னு ஆரம்பிச்சிடுவாங்க. கதை கேக்கப் பிடிச்ச யாராவது ஒருத்தர். ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, எழுதினதைப் படிக்கக் குடுங்க, எழுதப் போறதை வாயால சொல்லாதீங்க. முழுக் கதையையும் சொல்லி நல்லாருக்குன்னு பேரும் வாங்கிட்டா அப்புறம் அதை எழுதறதுக்கு என்ன பாக்கி இருக்கு? அப்படி பேசியே தீந்துபோன கதைங்க நிறைய.

இப்போ உங்ககிட்ட கேக்க வேண்டியதுக்கு வர்றேன், இந்தக் கடிதமே அதுக்காகத்தான். எழுதறவங்க நடுவுல நிக்கறதுக்கு அவங்க மட்டும் காரணம் இல்ல. கதையை முடிச்சு ஒரு பத்திரிகைக்கு அனுப்பறோம். வந்துச்சா இல்லையான்னே தெரியாது. கேட்டு மெயில் போட்டா பதில் இல்ல. எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரு ஒரு பத்திரிகைக்கு அனுப்பின கதைக்காக எட்டு மாசம் காத்துக்கிட்டு இருந்தாங்க, அதை வேற இடத்துக்கு அனுப்பலாமான்னும் தெரியல, ரெண்டு இடத்துல வந்துட்டா தப்பாயிடுமேன்னு பயம், அந்த எட்டு மாசத்துல அடுத்த கதையும் எழுதல. பிடிக்கலன்னு ஒரு வரி வந்திருந்தா ஒரு நாள் அழுதுட்டு மறுநாள் வேலையைப் பாத்திருப்பாங்க. வேண்டாம்னு சொல்றதுல ஒண்ணும் கொடுமை இல்லங்க, சொல்லாம இருக்கறதுதான் ஆளை முடக்கிப் போடுது.

நூத்துக்கணக்குல கதை வரும், ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதி அனுப்ப ஆள் எங்கன்னு நீங்க கேப்பீங்க, நியாயம். யாரும் காரணம் கேக்கல. கதை வந்து சேந்துச்சுன்னு தானா போற ஒரு மெயில், அதை ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும். அப்புறம் ஞாயிறு இணைப்புல "படைப்புகளை அனுப்ப வேண்டிய முகவரி"ன்னு போடறீங்களே, அதுக்குக் கீழ, இத்தனை வாரத்துக்குள்ள எங்ககிட்டேர்ந்து தகவல் வரலன்னா நீங்க வேற இடத்துக்கு அனுப்பிக்கலாம்னு ஒரு வரி சேத்துடுங்க. எட்டு வாரமோ பன்னெண்டு வாரமோ, உங்க வசதிப்படி போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு இணைப்பை விடாம படிக்கற வாசகி